அண்டா யார் கையில்? வைஃபை டிரைவரில் மெமரி லீக்கும் ரேஸ் கண்டிஷனும்

வீட்டு வைஃபை ரௌட்டர் நாலைந்து நாள் நன்றாக ஓடும். ஆறாம் நாள் வேகம் குறையும். ஏழாம் நாள் போனில் அதன் பெயரே தெரியாது. சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி புதிதுபோல வேலை செய்யும். "வாரத்துக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடு" என்று வீட்டில் சொல்லிப் பழகிவிட்டோம். இப்படி ஆவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, ரௌட்டருக்குள் இருக்கும் வைஃபை டிரைவர் (வைஃபை சிப்பை ஓட்டும் மென்பொருள்) வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் விடுவது. அதுதான் மெமரி லீக்.

அதற்குக் கூடப்பிறந்தது ஒன்று உண்டு, ரேஸ் கண்டிஷன். இரண்டு பேர் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் கை வைப்பது. பாடப் புத்தகங்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கும். டிரைவர் கோடுக்குள் உட்கார்ந்து பிழை தேடுகிறவருக்கு இரண்டும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: இந்த பஃபர் (தரவை வைக்க வாங்கிய மெமரித் துண்டு) இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக விடப்போவது யார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு லினக்ஸ் கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், உண்மையாக நடந்த சில பிழைகளைப் பார்ப்போம். சி மொழியில் பாயிண்டர் என்றால் என்ன, மெமரி வாங்குவதும் விடுவதும் எப்படி என்று தெரிந்திருந்தால் போதும்.

வாடகை அண்டா

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து அண்டாவை எடுத்து வருகிறவர் ஒருவர். அதில் சமைப்பவர் மாஸ்டர். பந்திக்குக் கொண்டுபோகிறவர்கள் வேறு ஆட்கள், கழுவி வைப்பவர் இன்னொருவர். கடையில் திருப்பிச் சேர்ப்பது யார்? "அவர் சேர்த்திருப்பார்" என்று எல்லோரும் விட்டுவிட்டால் அண்டா மண்டபத்தின் பின்கட்டிலேயே கிடக்கும். கடைக்காரருக்கு ஒரு அண்டா குறையும். ஒரு கல்யாணத்துக்கு ஒன்று என்றாலும் ஒரு சீசன் முடிவதற்குள் கடை காலியாகிவிடும். லீக் இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கழுவியவர் நல்ல எண்ணத்தில் அண்டாவைக் கடையில் சேர்த்துவிடுகிறார். கடைக்காரரும் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். மாஸ்டருக்கு இது தெரியாது. கம்ப்யூட்டர் மெமரியில் அண்டா இடம் மாறுவதில்லை, அதே முகவரியில்தான் இருக்கும், ஆள்தான் மாறியிருப்பார். மாஸ்டர் பழைய நினைப்பில் சாம்பாரை ஊற்றுகிறார், அது அடுத்த வீட்டுப் பாயசத்தில் விழுகிறது. திருப்பிக் கொடுத்த மெமரியை மறுபடி தொடும் இந்தப் பிழைக்கு யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்று பெயர். லீக் மெல்லக் கொல்லும். இது கெர்னலை அங்கேயே சாய்க்கும், அல்லது சாய்க்காமல் அடுத்தவர் தரவைக் கெடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகும். பிந்தையது இன்னும் மோசம்.

வைஃபை டிரைவரில் அண்டா என்பது பெரும்பாலும் எஸ்கேபி எனப்படும் பாக்கெட் பஃபர். லினக்ஸில் நெட்வொர்க் வழியாகப் போகும், வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு எஸ்கேபிக்குள் உட்கார்ந்துதான் பயணம் செய்கிறது. பிரவுசர் அனுப்பும் பாக்கெட் கெர்னலின் நெட்வொர்க் அடுக்கு, மேக்80211 என்ற பொதுவான வைஃபை அடுக்கு, சிப்புக்கு உரிய டிரைவர், யூஎஸ்பி அல்லது பிசிஐ, சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் என்று கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கை மாற்றத்திலும் பொறுப்பும் மாற வேண்டும். மாறிவிட்டதா இல்லையா என்பதை சி மொழி எங்கும் எழுதி வைப்பதில்லை. எழுதியவர் மனதில் இருக்கும், சில நேரம் கமென்ட்டில் இருக்கும்.

சாதாரண புரோகிராமில் லீக் இருந்தால் அது முடியும்போது மெமரி முழுவதையும் கெர்னல் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலுக்குள்ளேயே லீக் ஆனால் பிடுங்க ஆள் இல்லை. டிரைவர் மாட்யூலைக் கழற்றினாலும் அது வாங்கிப் போட்ட மெமரி திரும்பாது, ரீபூட் வரை போனது போனதுதான். ஒரு முழு அளவுப் பாக்கெட்டுக்கான எஸ்கேபி சுமார் 2 கேபி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒன்று தொலைந்தால் நாளைக்கு 1,440 எஸ்கேபி, ஏறக்குறைய 2.8 எம்பி. 64 எம்பி மெமரியுள்ள பழைய ரௌட்டரில் 20 எம்பி சும்மா இருந்தால் 7 நாளில் தீர்ந்துவிடும். மடிக்கணினியில் இதே லீக் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

ஒரு விநாடி காத்திருப்பில் நடந்தது

ஏத்9கே-எச்டிசி என்று ஒரு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது. ஏதிராஸின் ஏஆர்9271 சிப் வைத்த யூஎஸ்பி வைஃபை டாங்கிள்களை ஓட்டுவது இதுதான். இந்த சிப்புக்குள் சொந்தமாக ஒரு ஃபர்ம்வேர் ஓடுகிறது. டிரைவர் அதற்குக் கட்டளை அனுப்பும், பதிலுக்குக் காத்திருக்கும். அந்த இடத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

பஃபர் ஒன்று வாங்கு
அதில் கட்டளையை எழுது
அனுப்பும் பகுதியிடம் பஃபரை ஒப்படை
ஒப்படைக்கவே முடியாவிட்டால்: பஃபரை விடு, பிழையோடு திரும்பு
பதிலுக்கு 1 விநாடி காத்திரு
பதில் வராவிட்டால்: பிழையோடு திரும்பு

கடைசி வரியைப் பாருங்கள். டைம்-அவுட் ஆனால் பஃபரை விடாமலே திரும்புகிறது. நாலாவது வரியில் விடுகிறவர் ஆறாவது வரியில் ஏன் விடவில்லை? 2019-ல் கெர்னல் முழுக்க இந்த மாதிரி பிழைவழிகளைத் தேடிப் பார்த்தபோது இதுவும் சிக்கியது. மூன்று ஃபங்ஷன்களில் இதே அமைப்பு இருந்தது. சிவிஇ-2019-19073 என்று பாதுகாப்புக் குறை எண் கொடுத்தார்கள். அதே டிரைவரில் கட்டளை அனுப்பும் இன்னொரு ஃபங்ஷனுக்கு சிவிஇ-2019-19074. டைம்-அவுட் ஆனால் பஃபரை விடும் வரி ஒவ்வொன்றிலும் சேர்க்கப்பட்டது. படிக்கும் எவருக்கும் சரியான திருத்தமாகத்தான் தோன்றும். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது.

2020-ல் இந்தக் கோடைச் சிஸ்பாட் சோதித்தது. சிஸ்பாட் என்பது கூகுள் ஓட்டும் தானியங்கிச் சோதனை. இரவு பகலாகக் கெர்னலுக்குத் தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்து எங்கே விழுகிறது என்று பார்க்கும். டாங்கிளைச் செருகாமலே, செருகியதுபோல மென்பொருளிலேயே ஒரு பொய் யூஎஸ்பி சாதனத்தை உண்டாக்கி, பதில் சொல்லாத ஃபர்ம்வேர்போல அதை நடிக்க வைக்கவும் அதற்குத் தெரியும். டைம்-அவுட் ஆனது. புதிதாகச் சேர்த்த வரி பஃபரை விட்டது. ஆனால் அந்த பஃபர் ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ.

என்ன நடந்தது? மூன்றாவது வரியில் பஃபரை ஒப்படைத்த அந்தக் கணமே பொறுப்பு கை மாறிவிட்டது. யூஎஸ்பி வழியாகக் கட்டளை சிப்புக்குப் போய்ச் சேர்ந்ததும், "அனுப்பியாயிற்று" என்று கூப்பிடப்படும் ஃபங்ஷன் பஃபரை விட்டுவிடுகிறது. கட்டளை போய்ச் சேர்வது ஒரு நிகழ்ச்சி, ஃபர்ம்வேரிடமிருந்து பதில் வருவது வேறொரு நிகழ்ச்சி. பதில் வராததால் டைம்-அவுட் ஆகும்போது பஃபர் ஏற்கெனவே கடைக்குத் திரும்பியிருக்கும். ஒப்படைக்கவே முடியாத நாலாவது வரியில் மட்டும்தான் பொறுப்பு வாங்கியவரிடமே நிற்கிறது. அதனால் அங்கே விடுவது சரி, ஆறாவது வரியில் விடாமல் இருந்ததும் சரி. 2019-ல் சேர்த்த வரிகள் 2020-ல் நீக்கப்பட்டன.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கதையைத்தான். லீக் என்று நினைத்துப் போட்ட மருந்தே பெரிய நோயானது. ஃபங்ஷனை மட்டும் படித்தால் இது தெரியாது. அது கூப்பிடும் ஃபங்ஷன், அது கூப்பிடுவது, பின்னர் யூஎஸ்பி அடுக்கு திரும்பக் கூப்பிடுவது என்று பஃபரின் பயணத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தால்தான் தெரியும். வாங்கும் வரிகளையும் விடும் வரிகளையும் எண்ணிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது போதவே போதாது.

லீக்கைத் தேடும்போது

முதலில் லீக் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இதற்கு நான் செய்வது எளிய வேலை. சந்தேகப்படும் ஒரு செயலை எடுத்துக்கொள்வேன்: வைஃபையில் சேர்வதும் பிரிவதும், அல்லது ஸ்கேன், அல்லது டிரைவரைக் கழற்றி மாட்டுவது. முதலில் பத்து முறை செய்து விட்டுவிடுவேன், கேஷ்கள் (ஒரே அளவு மெமரித் துண்டுகளைக் கெர்னல் சேர்த்து வைக்கும் கிடங்குகள்) நிரம்பி நிலைக்கு வருவதற்காக. பிறகு ஸ்லாப்டாப் என்ற கருவியில் ஒவ்வொரு கேஷிலும் எத்தனை துண்டுகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்ற எண்களைக் குறித்துக்கொண்டு சரியாக 100 முறை செய்வேன். மறுபடி எண்களைப் பார்ப்பேன். 37 ஏறியிருந்தால் அது பெரும்பாலும் இரைச்சல். 100 அல்லது 200 ஏறியிருந்தால், ஒரு செயலுக்கு ஒன்று அல்லது இரண்டு தொலைகிறது என்று அர்த்தம். அதன் பொருள் அளவும் ஸ்லாப்டாப்பிலேயே தெரியும் என்பதால், எந்த ஸ்ட்ரக்ட் என்று பாதி ஊகித்துவிடலாம். ஒரே அளவுள்ள கேஷ்களைக் கெர்னல் ஒன்றாகச் சேர்த்துவிடும், அதனால் இந்தச் சோதனைக்கு அப்படிச் சேர்க்காதே என்று பூட் செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது கேமெம்லீக் என்ற கருவி. கேட்டலின் மரினாஸ் எழுதி, 2009-ல் 2.6.31 கெர்னலில் சேர்ந்தது. இது செய்வது நுட்பமான வேலை. கெர்னலில் வாங்கப்படும் ஒவ்வொரு மெமரித் துண்டையும் குறித்து வைக்கும். அவ்வப்போது, சாதாரணமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, மெமரியை அலசி ஒவ்வொரு துண்டின் முகவரியும் வேறு எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். யாரிடமும் முகவரி இல்லாத துண்டை யாராலும் விடுவிக்க முடியாது, அது அநாதை. அதன் முதல் 32 பைட்டுகளையும், அதை வாங்கிய ஃபங்ஷன் வரிசையையும் (எது எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்பதை) அச்சிட்டுக் காட்டும். அந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனால் டிரைவர் கோடில் சரியான வாசலுக்குப் போய்விடலாம்.

அது காட்டாத இடங்களும் உண்டு. பக்கம் பக்கமாக நேரடியாக வாங்கும் மெமரியை அது கவனிப்பதில்லை. இன்டெலின் ஐடபிள்யூஎல்-வைஃபை போன்ற டிரைவர்கள் உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கு அப்படித்தான் வாங்குகின்றன, அங்கே பேஜ்-ஓனர் என்ற வேறு கருவி வேண்டும். இரண்டாவது, முகவரி இருக்கிறது ஆனால் யாருக்கும் வேண்டாம் என்ற நிலை. இணைப்பு போன ஸ்டேஷன்களை (வைஃபையில் சேர்ந்த சாதனங்களை) பட்டியலிலிருந்து எடுக்காமலே விட்டால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், கேமெம்லீக் வாய் திறக்காது. ஸ்லாப்டாப்பின் 100 முறைக் கணக்குதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அந்த எளிய வழியை முதலில் சொன்னேன்.

உப்பு போட்டாச்சா?

அதே கல்யாணச் சமையலறைக்குத் திரும்புவோம். மாஸ்டர் சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார், உப்பு இல்லை. உப்பு டின்னை எடுக்கத் திரும்புகிறார். அந்த இடைவெளியில் உதவியாள் வந்து அதே சாம்பாரை ருசி பார்க்கிறார், உப்பு இல்லை. அவரும் ஒரு கை அள்ளிப் போடுகிறார். மாஸ்டரும் போடுகிறார். இருவரும் செய்தது தனித்தனியாகச் சரி. பார்ப்பதற்கும் போடுவதற்கும் இடையே இருந்த சில விநாடிகள்தான் கெடுத்தது. ரேஸ் கண்டிஷன் என்பது அந்த இடைவெளி.

வைஃபை டிரைவருக்குள் இந்தச் சமையலறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாக்கெட் வந்தது என்று சிப் கூவும்போது ஓடும் இன்டரப்ட். அது தள்ளிவிட்ட வேலையைச் செய்யும் சாஃப்ட்-ஐஆர்க்யூ. குறித்த நேரத்தில் அடிக்கும் டைமர்கள். பின்னணியில் ஓடும் வொர்க்-க்யூக்கள். "இணைப்பைத் துண்டி" என்று மேலிருந்து நாம் கொடுக்கும் கட்டளை. இவை போதாதென்று, எந்த நிமிடமும் டாங்கிளைப் பிடுங்கிவிடக்கூடிய மனிதக் கை. கம்பி நெட்வொர்க்கில் கேபிள் செருகியிருக்கிறதா இல்லையா என்ற அளவில் முடிந்துவிடும். வைஃபையில் ஸ்கேன் பாதியில் இருக்கும்போது அக்சஸ் பாயிண்ட் (ரௌட்டர்போல வைஃபை தரும் கருவி) துண்டிக்கும், துண்டிப்பு முடிவதற்குள் மடிக்கணினியை மூடுவோம், ஃபர்ம்வேர் அப்போது பார்த்துத் தொங்கும். இந்த இடைவெளிகளை எல்லாம் டிரைவர் தாங்க வேண்டும்.

மறுபடி ஏத்9கே-எச்டிசிக்கே போவோம். டாங்கிளைச் செருகியதும் டிரைவர் தன் முக்கிய ஸ்ட்ரக்ட்டுக்கு மெமரி வாங்கும். அதன் முகவரியை எல்லோருக்கும் தெரியும் ஒரு இடத்தில் உடனே எழுதி வைக்கும். பிறகு ஃபர்ம்வேர் தயாரா என்று காத்திருக்கும். தயாராகாவிட்டால் வாங்கிய ஸ்ட்ரக்ட்டை விட்டுவிட்டு வெளியேறும். இதற்கு நடுவே யூஎஸ்பியில் பாக்கெட் ஒன்று வந்துவிட்டால் இன்டரப்ட் வழியாக ஓடும் கோடு, அந்தப் பொது இடத்தில் இருக்கும் முகவரியை எடுத்து, புள்ளிவிவரக் கணக்கில் ஒன்று கூட்டப் பார்க்கும். ஸ்ட்ரக்ட் ஏற்கெனவே போய்விட்டது, முகவரி மட்டும் அங்கேயே எழுதியிருக்கிறது. அடுத்தவர் மெமரியில் ஒன்று கூடுகிறது. சிவிஇ-2022-1679 இதுதான்.

இங்கே லாக் போட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி பூட்டி, சமாளிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். திருத்தியவர்கள் லாக் போடவில்லை. முகவரியை எழுதும் அந்த வரியை, எல்லாத் தயாரிப்பும் வெற்றியாக முடிந்த பிறகு, ஃபங்ஷனின் கடைசிக்கு நகர்த்தினார்கள். அதற்குமுன் யாராவது வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது, கணக்குக் கூட்டும் கோடு அதைப் பார்த்துச் சும்மா திரும்பும்படி மாற்றினார்கள். சமையல் முடியும்வரை பந்திக் கதவைத் திறக்காதே என்பதுபோல. எனக்கு இது மிகவும் பிடித்த திருத்தம். ரேஸ் என்றதும் லாக்கைத் தேடாமல், வெளியே காட்டும் வரிசையை மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது.

கழற்றும்போது வரிசை

உள்ளே வரும்போது கடைசியாகக் கதவைத் திறக்க வேண்டுமானால், வெளியே போகும்போது முதலில் கதவைச் சாத்த வேண்டும். டாங்கிளைப் பிடுங்கினால் டிரைவர் முதலில் புதிய வேலை வரும் வழிகளை அடைக்க வேண்டும்: மேலிருந்து கட்டளை வராதபடி, சிப்பிலிருந்து இன்டரப்ட் வராதபடி. பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டைமர்களும் வொர்க்குகளும் முடியும்வரை காத்திருந்து ரத்து செய்ய வேண்டும். அதன்பிறகுதான் மெமரியை விடலாம். ரத்து செய்வது என்றால் "இனிமேல் ஓடாதே" என்று சொல்வது மட்டும் அல்ல. இன்னொரு சிபியூவில் அது பாதி ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் கெர்னலில் ரத்து செய்யும் ஃபங்ஷன்கள் பலவற்றின் பெயரில் "சிங்க்" என்று ஒட்டியிருக்கும், முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. டைமர் அடித்தால் ஒரு வொர்க்கைக் கிளப்பும், அந்த வொர்க் முடிந்தால் டைமரை மறுபடி வைக்கும் என்று ஒரு டிரைவர் எழுதப்பட்டிருந்தால் எதை முதலில் ரத்து செய்வீர்கள்? டைமரை நிறுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் வொர்க் அதை மறுபடி வைத்துவிடும். வொர்க்கை முதலில் நிறுத்தினால் டைமர் அதைக் கிளப்பிவிடும். இந்தச் சுழலை உடைப்பதற்காகவே, ஒருமுறை மூடினால் யாராலும் மறுபடி வைக்க முடியாதபடி டைமரை நிறுத்தும் வசதி 6.2 கெர்னலில் வந்தது. 

இன்னொன்று டெட்லாக். ஒரு லாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வொர்க் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அந்த வொர்க் ஓட வேண்டுமானால் அதற்கு அதே லாக் வேண்டும். இருவரும் காலகாலத்துக்கும் காத்திருப்பார்கள். வைஃபை டிரைவர்களில் இது திரும்பத் திரும்ப வரும் பிழை. இங்கோ மோல்னார் 2006-ல் 2.6.18 கெர்னலில் கொண்டுவந்த லாக்டெப் இதற்கு உதவும். எந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு எதை எடுக்கிறோம் என்ற வரிசையை அது நினைவில் வைக்கும். டெட்லாக் உண்மையில் நடக்க வேண்டியதில்லை, நடக்கக்கூடிய வரிசை ஒருமுறை தென்பட்டாலே எச்சரித்துவிடும்.

மேக்80211 அடுக்கில் காலப்போக்கில் சின்னச் சின்ன லாக்குகள் பெருகிவிட்டன. எது எதற்குள் எடுக்கலாம் என்பதே தனிப் படிப்பாகிவிட்டது. 2023-ல் பெரிய சீரமைப்பு நடந்தது. ஒரு வைஃபை சாதனத்துக்கு ஒரே முக்கிய லாக் என்று வைத்து, பின்னணி வொர்க்குகளும் அந்த லாக்கைப் பிடித்த நிலையிலேயே ஓடும்படி மாற்றி, உள்ளே இருந்த பல லாக்குகளை எடுத்தார்கள். பழைய கட்டுரைகளைப் பார்த்து டிரைவர் படிக்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும், அவற்றில் சொல்லும் லாக்குகளில் சில இப்போது இல்லை.

ரேஸைத் தேடும்போது

ரேஸைப் பிடிக்க எல்லோரும் முதலில் செய்வது இங்கொரு பிரிண்ட், அங்கொரு பிரிண்ட் போடுவது. ஒருமுறை இதிலேயே எனக்கு மூன்று நாள் போனது. பிரிண்ட் வரி இருந்தால் கிராஷே இல்லை, எடுத்தால் இருபது நிமிடத்துக்குள் கிராஷ். கெர்னலில் பிரிண்ட் செய்வது மெதுவான வேலை, சீரியல் கன்சோல் இருந்தால் இன்னும் மெதுவு. அந்தத் தாமதமே இரண்டு பேரும் சந்திக்கும் இடைவெளியை மூடிவிடுகிறது. எஃப்டிரேஸ் என்ற கெர்னல் வசதி வழியாக மெமரியில் உள்ள வளையத்தில் எழுதி, கிராஷ் ஆன பிறகு எடுத்துப் படிப்பது இதற்குத் தகுந்த வழி. மூன்றாம் நாள் மாலை அப்படிப் பார்த்தபோதுதான், துண்டிப்புக் கட்டளை ஒரு சிபியூவிலும் டைமர் இன்னொரு சிபியூவிலும் சில மைக்ரோ விநாடி வித்தியாசத்தில் ஓடியது கண்ணில் பட்டது.

இன்று தொடங்குகிறவர் காசான் என்ற கருவியிலிருந்து தொடங்கலாம். 2015-ல் 4.0 கெர்னலில் வந்த இது, ஒவ்வொரு 8 பைட் மெமரிக்கும் 1 பைட் நிழல் வைத்துக்கொண்டு, இது தொடக்கூடியதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும். விட்ட மெமரியை உடனே அடுத்தவருக்குத் தராமல் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கும், யாராவது அதைத் தொட்டால் பிடிக்கும். அது தரும் அறிக்கையில் மூன்று ஃபங்ஷன் வரிசைகள் இருக்கும்: இப்போது தொட்டது யார், முதலில் வாங்கியது யார், விட்டது யார். அண்டாக் கேள்விக்கு நேரான பதில். முதல் வரிசையையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவ்விரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதபடி தடுக்க வேண்டியது எது என்று கேளுங்கள். அங்கே ஒன்றுமே இருக்காது, அல்லது தவறான ஒன்று இருக்கும்.

2020-ல் 5.8 கெர்னலில் வந்த கேசிசான் மெமரியை விட்ட பிறகு தொடுவதைப் பார்ப்பதில்லை, ரேஸையே பார்க்கிறது. ஓடும் கோடில் அங்கங்கே ஒரு மெமரி அணுகலைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் கண் வைத்து, அந்தத் திரெட்டை வேண்டுமென்றே 80 மைக்ரோ விநாடி அளவுக்கு நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் வேறு யாராவது அதே இடத்தில் வந்து எழுதினால் இருவரையும் பெயர் சொல்லிக் காட்டும். மாஸ்டர் உப்பு டின்னுக்குத் திரும்பும்போது அவர் தோளைப் பிடித்துக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, யார் வருகிறார்கள் என்று பார்ப்பது போன்றது.

இவற்றையெல்லாம் போட்டால் கெர்னல் மெதுவாகும், நேர ஒழுங்கும் மாறும். அதனால் ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். காசானையும் கேசிசானையும் தனித்தனிக் கெர்னல்களாகக் கட்டி, ஒரே சோதனையை இரண்டிலும் இரவு முழுக்க ஓட விடுவது என் வழக்கம்.

ரௌட்டர் தொங்குவதோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. 2022 அக்டோபரில் லினக்ஸ் வைஃபை அடுக்கில் ஐந்து குறைகள் வெளியாயின. கண்டுபிடித்தவர் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சோங்கே ஹூஸ்டர். அவற்றில் சிவிஇ-2022-42720 ரெஃபரன்ஸ் கவுன்ட் சம்பந்தப்பட்டது. பலர் ஒரே பொருளைப் பிடித்திருக்கும்போது எத்தனை பேர் என்று எண்ணி வைத்து, கடைசி ஆள் விடும்போது மெமரியை விடுவதுதான் அந்த முறை. எண்ணிக்கை ஒன்று பிசகினால் ஒருவர் இன்னும் பிடித்திருக்கும்போதே பொருள் போய்விடும். இங்கே பிசகியது, அக்சஸ் பாயிண்ட்கள் தங்களை அறிவிக்கக் காற்றில் பரப்பும் பீக்கன்களிலிருந்து நெட்வொர்க் பட்டியல் தயாரிக்கும் கோடில். பீக்கனைக் கேட்க இணைப்போ பாஸ்வேர்டோ வேண்டாம், ஸ்கேன் செய்தாலே போதும். அருகில் இருக்கும் ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய பீக்கனை அனுப்பி அந்தக் கோடை எட்ட முடிந்தது.

கையில் டாங்கிள் இல்லாதவர்களும் இன்றே தொடங்கலாம். மேக்80211-எச்டபிள்யூசிம் என்ற மாட்யூலை ஏற்றினால் ரேடியோவே இல்லாமல் இரண்டு பொய் வைஃபை கார்டுகள் கிடைக்கும். ஒன்றை அக்சஸ் பாயிண்ட்டாகவும் மற்றதை அதில் சேரும் போனாகவும் வைத்து ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே சோதிக்கலாம், கெர்னல் விழுந்தாலும் உங்கள் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. காசானும் கேமெம்லீக்கும் போட்ட கெர்னலைக் கட்டிக்கொள்ளுங்கள். மேக்80211 கோடில், பிழைவழி ஒன்றில் பஃபரை விடும் ஒரு வரியை நீங்களே எடுத்துவிட்டு, அந்தப் பிழை வரும்படி செய்து, கேமெம்லீக் அதைக் கண்டுபிடிக்கிறதா பாருங்கள். பிறகு, ஒப்படைத்துவிட்ட பஃபரை மறுபடி விடும் வரி ஒன்றைச் சேர்த்துக் காசான் அறிக்கையை வரவழையுங்கள். அந்த மூன்று ஃபங்ஷன் வரிசைகளையும் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பஃபர் அப்போது யார் கையில் இருந்தது என்று குறித்து வாருங்கள். ஏத்9கே-எச்டிசியின் ஆறு வரிகளை அதே காகிதத்தில் எழுதிப் பார்க்க அதன்பிறகு அரை மணி நேரம் போதும்.